பிறர் பொருட்டுக் கேட்கும் சர்வர்

லண்டன் பாதாள ரயிலின் நார்தர்ன் தடம் 1926-ஆம் ஆண்டில் மார்டன் வரை நீட்டப்பட்டபோது, டூட்டிங் பிராட்வேக்கும் தெற்கு விம்பிள்டனுக்கும் இடையே, சார்லஸ் ஹோல்டன் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த வெள்ளைக் கல் முகப்போடு எழுந்த கோலியர்ஸ் வுட் நிலையத்தில், அடுத்த வண்டி எப்பொழுது வரும் என்பதை அறிவதற்கு இன்று ஒருவர் பிளாட்பாரம் வரை இறங்கிப் போக வேண்டியதில்லை. டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் ஸ்தாபனம் நடத்தும் பொதுச் சேவையிடம், 940 என்று தொடங்கும் 11 எழுத்துக் குறியைச் சொல்லி, இந்நிலையத்துக்கு வரவிருக்கும் வண்டிகள் எவை என்று வினவினால் பதில் உடனே வந்து சேரும். வினவுபவர் மனிதராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் இல்லை. பெரும்பாலும் வினவுவது, எங்கோ ஓர் அறையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கிடக்கும் சில வரி ஸ்கிரிப்ட்தான். இவ்வாறு ஒரு சர்வர், தன்னை நாடி வந்தவருக்காக இன்னொரு சர்வரிடம் போய்க் கேட்டு வாங்கி வரும் வழக்கத்தின் குணதோஷங்களைச் சற்று நிதானமாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிலாக வருவது மனிதர் படிப்பதற்கென்று எழுதப்பட்டதன்று. ஜேசான் என்னும் வடிவில், வண்டிக்கு ஒரு தொகுதி வீதம், எந்தப் பிளாட்பாரம், எந்தத் திசை, வண்டி இப்பொழுது இருக்கும் இடம் எது, வந்து சேர எத்தனை விநாடி என்ற விவரங்கள் அதில் அடங்கியிருக்கும். கணக்கு நிமிஷத்தில் இராது, விநாடியில் இருக்கும். 245 என்று வந்ததை நான்கு நிமிஷம் என்று மாற்றிக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. முதலில் வரும் வண்டி முதலிலேயே எழுதப்பட்டிருக்கும் என்றும் நம்ப முடியாது. வரிசைப்படுத்துவதும் வாங்கியவர் வேலையே. தெற்கு நோக்கிய வண்டிகள் எல்லாம் மார்டனோடு நின்றுவிடுகிறபடியால் அத்திசையில் குழப்பமில்லை. வடக்கு நோக்கிய வண்டிகளோ கென்னிங்டனுக்கு அப்பால் சில பாங்க் வழியாகவும் சில சேரிங் கிராஸ் வழியாகவும் பிரிந்து செல்வதால், பதிலில் சுருக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும் அந்த வழியை விரித்தெழுதாத அறிவிப்பு பயணிக்கு அரைகுறைப் பிரயோஜனமே தரும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் செய்தி இன்ன நேரம் வரைதான் செல்லுபடியாகும் என்ற காலவரையும் ஒவ்வொரு தொகுதியிலும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதுவோரில் பலர் இந்தக் கடைசிக் குறிப்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால், என் அபிப்பிராயத்தில், விஷயத்தின் சாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பார்வையாளரின் கைபேசியிலுள்ள பிரௌசரே நேராகப் போய் வினவிவிடலாமே, நடுவில் ஒரு சர்வர் எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். இதற்குச் சொல்லத்தக்க சமாதானங்கள் உண்டு. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் இன்னொரு தளத்தின் பதிலைப் படிப்பதற்கு, அந்த இன்னொரு தளம் வெளிப்படையாக அனுமதி தந்தாலொழிய, பிரௌசர்கள் இடங்கொடுப்பதில்லை. பாதுகாப்பின் பொருட்டு ஏற்பட்ட இந்தத் தடை, சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்தாது. மேலும், சேவை நடத்துவோர் தரும் இரகசியச் சாவியைப் பிரௌசருக்கு அனுப்பும் நிரலில் எழுதி வைத்தால், பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்; சர்வரில் வைத்தால் அது சர்வரோடு இருக்கும். இவை இரண்டும் வலுவான காரணங்களே. எனினும் இவற்றைவிட முக்கியமான மூன்றாவது காரணம் ஒன்று உண்டு: நூறு பேருக்கு வேண்டிய விஷயத்தை ஒருமுறை கேட்டு வாங்கிவைத்து நூறு பேருக்கும் கொடுக்க சர்வரால் இயலும், பிரௌசரால் இயலாது. சந்தைக்குப் போகிறவர் ஒருவர், தெருவிலுள்ள வீடுகளுக்கெல்லாம் வேண்டியதைச் சேர்த்து வாங்கி வந்து, அவரவர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது போன்ற உபகாரம் அது. வீட்டுக்கு வீடு கதவு தட்டப்படும்போதெல்லாம் அவர் மறுபடி சந்தைக்கு ஓடினால் அந்த உபகாரத்துக்கு அர்த்தமில்லை. ஆயினும் இன்று எழுதப்படும் ஸ்கிரிப்டுகளில் மிகப் பல செய்வது இந்த ஓட்டத்தைத்தான்.

இக்காரியத்துக்கு உலகெங்கும் பயன்படும் கருவி பிறந்த கதையே இதற்கு நல்ல பாடம். ஸ்வீடன் தேசத்தவரான டானியல் ஸ்டென்பெர்க், 1990-களின் நடுவில், ஐஆர்சி என்னும் அரட்டைக் களத்தில் கூடுவோருக்கு நாணய மாற்று விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஒரு சிறு நிரல் எழுதப் புகுந்தார். விகிதங்களை வலையிலிருந்து தானாக இறக்கிக்கொள்ளும் பொருட்டு, ரஃபேல் சகூலா என்பவர் எழுதியிருந்த ஒரு சிறு நிரலை எடுத்து விரித்துக்கொண்டே போனார். பெயர் இருமுறை மாறி 1998 மார்ச்சில் கர்ல் என்று நிலைபெற்ற அந்தக் கருவி, 2000-ஆம் ஆண்டில் பிற நிரல்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளத்தக்க நூலகமாகவும் ஆயிற்று. பிஎச்பி மொழியும் அவ்வாண்டிலேயே அதைச் சுவீகரித்துக்கொண்டது. அரட்டையில் எவரோ பவுனுக்கு எத்தனை என்று கேட்கும் ஒவ்வொரு சமயத்திலும் வலைக்குள் ஓடிப் போவது ஸ்டென்பெர்க்கின் தேவையாக இருக்கவில்லை. விகிதங்களை முன்னதாக இறக்கி வைத்துக்கொண்டு, கேட்டவருக்குக் கையிலிருப்பதைக் கொண்டு பதில் சொல்வதே தேவையாக இருந்தது. வாங்குவது ஒரு காரியம், வழங்குவது வேறு காரியம் என்ற பாகுபாடு கருவியின் பிறப்பிலேயே இருந்திருக்கிறது. கருவியைச் சுவீகரித்துக்கொண்டவர்கள் பாகுபாட்டைச் சுவீகரித்துக்கொள்ளவில்லை.

அதன் விளைவை லண்டன் நகரமே ஒருமுறை அனுபவித்துப் பார்த்தது. 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் டேட்டாஸ்டோர் என்ற பொதுத் தரவுக் களஞ்சியம் திறக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பாதாள ரயில் வண்டிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லும் டிராக்கர்நெட் என்னும் தரவு ஊற்று பொதுமக்களுக்கு அளிக்கப்பட்டது. அதே மாதத்தில், மேத்யூ சோமர்வில் என்னும் நிரலாளர், ஒரு வார இறுதிக் கூடலில், வண்டிகள் மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்து செல்லும் நேரடி வரைபடம் ஒன்றைச் செய்து வெளியிட்டார். ஊரெல்லாம் அதைப் பார்த்து மகிழ்ந்தது. வேறு பலரும் தத்தம் செயலிகளை அந்த ஊற்றோடு இணைத்தார்கள். சில வாரங்களுக்குள்ளாகவே, கேட்போரின் நெரிசலைத் தாங்கமாட்டாமல், அந்த ஊற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். பிறகு மைக்ரோசாஃப்ட்டின் அசூர் மேகக்கணினியில் வைத்து அதை மீண்டும் திறந்தபோது, வண்டிகளைக் கண்காணிக்கும் மூல யந்திரத்தை வெளியார் எவரும் தொடாதபடி, அதிலிருந்து இடைவெளி விட்டு எடுத்து வைக்கப்பட்ட பிரதியே வெளியாருக்கு வழங்கப்பட்டது. தரவு வாங்குவோரும் அதைத் தங்கள் சர்வரில் எடுத்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே தம் பார்வையாளர்களுக்கு வழங்க வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டது.

இதில் குற்றம் யாருடையது? தரவைத் திறந்துவிட்டவர்கள் இத்தனை ஆர்வத்தை எதிர்பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் பாரம் ஏறியதற்கு மூலகாரணம் பார்ப்போரின் எண்ணிக்கை மட்டுமன்று. பார்ப்போரின் எண்ணிக்கையும் கேட்போரின் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தால்தான் ஆர்வம் பாரமாக மாறுகிறது. இப்பொழுதைய சேவையில், பதிவு செய்து சாவி பெற்ற ஒருவர் நிமிஷத்துக்கு 500 முறை கேட்கலாம். பார்வையாளர் ஒருவருக்கு ஒரு கேள்வி என்று எழுதப்பட்ட பக்கம், மழை நாளில் மாலை ஆறு மணிக்கு அந்த வரம்பை எளிதில் தொட்டுவிடும். அப்பொழுது கிடைப்பது, கேள்விகள் மிகுந்துவிட்டன என்று பொருள்படும் 429 என்ற நிலைக்குறிதான். முப்பது விநாடிக்கு ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளும் பக்கமோ, பார்ப்பவர் பத்துப் பேரானாலும் பதினாயிரம் பேரானாலும், நிமிஷத்துக்கு இரண்டு முறைதான் கேட்கும். நிலையந்தோறும் தனித்தனியே கேளாமல், நார்தர்ன் தடம் முழுவதற்கும் ஒரே கேள்வியாகக் கேட்கவும் அச்சேவையில் வழியிருக்கிறது. இத்தனை வசதியிருந்தும் பக்கத்துக்குப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பது அசிரத்தையேயன்றி வேறில்லை.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். எங்கள் சங்கத்துத் தளத்தை நாளொன்றுக்கு நாற்பது பேர் பார்ப்பதே அதிகம், எங்களுக்கு எதற்கு இந்த உபதேசம் என்று டூட்டிங்கிலும் மிச்சமிலும் கோலியர்ஸ் வுட்டிலும் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் தளம் அமைத்துக் கொடுக்கும் நண்பர்கள் சொல்லக்கூடும். எதிர்ச் சேவையின் பாரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஆபத்து மறுபுறத்திலிருந்தும் வரும். எதிர்ச் சேவை இல்லை என்று சொல்லிவிட்டால் நஷ்டமில்லை. ஸ்கிரிப்ட் உடனே திரும்பிவிடும். அது இருக்கிறேன் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மௌனமாக இருக்கும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

பிஎச்பி மொழியில் ஒரே வரியில் வலைப்பக்கத்தை வாங்கித் தரும் சாதாரணப் பணிக்கூறு, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், மௌனமான சேவைக்காக 60 விநாடி காத்திருக்கும். கர்ல் நூலகமோ இன்னும் தாராளம்: இணைப்புக் கிட்டுவதற்கு 300 விநாடி காத்திருக்கும், இணைப்புக் கிட்டியபின் மொத்த வேலைக்கு உள்ள வரம்பு பூஜ்யம் என்று வைக்கப்பட்டிருக்கிறது, பூஜ்யம் என்றால் இங்கே வரம்பே இல்லை என்று பொருள். பைதான் மொழியின் புகழ்பெற்ற ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும், காலவரையை நாமே சொன்னாலொழிய, தானாக ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை. ஸ்கிரிப்ட் ஓடக்கூடிய அதிகபட்ச நேரம் 30 விநாடி என்று சர்வரில் எழுதியிருக்கிறதே, அது காப்பாற்றாதா என்றால், லினக்ஸ் யந்திரங்களில் வலைக்காகக் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. மலிவு விலைக்கு வாடகைக்கு எடுத்த சர்வரில் ஒரே சமயத்தில் 20 ஸ்கிரிப்டுகள் ஓட இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்ச் சேவை மௌனமாகிவிட்ட வேளையில் மூன்று விநாடிக்கு ஒருவர் வந்தாலும், ஒரு நிமிஷத்துக்குள் 20 இடங்களும் காத்திருப்போரால் நிறைந்துவிடும்; அதற்குப் பிறகு வருபவர், ரயில் நேரத்தைக் கேட்காமல், சங்கத்தின் பொங்கல் விழா அழைப்பிதழை மாத்திரம் பார்க்க வந்தவராயினும் அவருக்கும் கதவு திறவாது. ரயில் சேவையின் கோளாறு, ரயிலோடு யாதொரு சம்பந்தமுமில்லாத பக்கத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. இப்படி முடங்கிய தளத்தின் உரிமையாளர், தம் சர்வர் போதவில்லை என்று எண்ணிப் பெரிய சர்வராக வாடகைக்கு எடுப்பதும் உண்டு. அதனால் 20 பேர் காத்திருந்த இடத்தில் 80 பேர் காத்திருப்பார்கள் என்பதைத் தவிர வேறு பயன் விளைவதில்லை.

ஆகவே காலவரை வைப்பது நல்லது என்று யோசனை சொல்வது போதாது. காலவரையில்லாத கேள்வியைப் பிழையான நிரல் என்றே கொள்ள வேண்டும். பதில் வராதபோது உடனே மறுபடியும் கேட்கும் ஸ்கிரிப்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேவை தள்ளாடும் நேரத்தில் எல்லாரும் ஒரே மூச்சில் மீண்டும் மீண்டும் கேட்டால் அது எழுந்திருக்கவே மாட்டாது. ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, அந்த இடைவெளியிலும் சிறிது தற்செயலைக் கலந்து, சில முறைக்குப் பின் விட்டுவிடுவதே முறை. இன்ன நேரம் கழித்து வா என்று சேவையே தன் பதிலின் தலைப்பில் சொல்லியனுப்பினால், அதற்குக் கீழ்ப்படிவது மரியாதையுமாகும், சாமர்த்தியமுமாகும்.

வேகமும் பாரமும் ஒருபுறமிருக்க, நம்பிக்கை சம்பந்தமான தோஷங்கள் இதைவிடக் கடுமையானவை. பிரௌசரில் ஒரு தளத்தின் சான்றிதழ் பொருந்தாவிட்டால் திரை முழுவதும் எச்சரிக்கை எழும். சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு எச்சரிக்கையைப் பார்க்கக் கண்ணில்லை. சான்றிதழ்ப் பிழை ஒன்று குறுக்கிட்டவுடன், சரிபார்ப்பையே அணைத்துவிடும் ஒரு வரியை எழுதிச் சேர்த்துவிட்டு, வேலை நடந்துவிட்டது என்று எழுந்து போகிறவர்கள் ஏராளம். 2012-ஆம் ஆண்டில், பிரௌசரல்லாத மென்பொருள்கள் சான்றிதழ்களை எவ்வாறு சோதிக்கின்றன என்று ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், பெயர்பெற்ற வணிக நிறுவனங்களின் பணம் செலுத்தும் நூலகங்களிலேயே இந்த ஓட்டை இருந்ததை எடுத்துக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்று மிகவும் சுவாரஸ்யமானது. கர்ல் நூலகத்தில், சான்றிதழிலுள்ள பெயர் நாம் அழைத்த தளத்தின் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லும் அமைப்புக்கு 2 என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும்; 1 என்று கொடுத்தால் பெயர் என்று ஏதோ ஒன்று இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும். பாதுகாப்பில் அக்கறை கொண்ட நிரலாளர்கள், ‘ஆம், சரிபார்’ என்ற கருத்தில் அவ்விடத்தில் மெய் என்ற மதிப்பை எழுதி வைத்தார்கள். பிஎச்பி அந்த மெய்யை 1 என்ற எண்ணாக மாற்றிக் கர்லிடம் கொடுத்தது. சரிபார்க்கச் சொன்னவரின் ஸ்கிரிப்டே சரிபார்ப்பைத் தளர்த்திவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் கர்ல் அந்த 1-ஐ ஏற்க மறுக்கும்படி திருத்தப்பட்டது. இது கருவியின் குற்றமா, கையாண்டவரின் குற்றமா என்றால், இவ்வளவு அபாயமான இடத்தில் ஆம்-இல்லை என்று தோற்றமளிக்கும் ஒன்றை மூன்று நிலை கொண்டதாக அமைத்த கருவியின் குற்றம் என்றே சொல்வேன்.

இவற்றுக்கெல்லாம் தலையாயது, எங்கே போய்க் கேட்க வேண்டும் என்ற முடிவை அந்நியர் கையில் கொடுத்துவிடும் பிழை. ஒரு படத்தின் முகவரியைக் கொடுங்கள், நாங்களே போய் எடுத்து வந்து பக்கத்தில் இடுகிறோம் என்று வசதி செய்யும் தளங்கள் எத்தனையோ உண்டு. வருபவர் நல்லவராயின் படத்தின் முகவரியைத் தருவார். பொல்லாதவராயின், வெளியுலகத்துக்குத் தெரியாமல் சர்வரின் பக்கத்து அறையில் இருக்கும் யந்திரத்தின் முகவரியைத் தருவார். சர்வர் உள்ளேயே இருப்பதால் அந்த அறைக்குள் போக அதற்கு உரிமை உண்டு. போய் எடுத்து வந்து வாசலில் நிற்பவரிடம் பவ்வியமாகக் கொடுத்துவிடும். கர்ல் கருவிக்கு வலை முகவரி மட்டுமின்றித் தன் சொந்த வட்டில் உள்ள கோப்பைப் படிக்கும் முகவரி வகையும் தெரியும் என்பதை மறந்தவர்கள், தம் சர்வரின் கோப்புகளைத் தாமே ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நிகழ்ந்தது இத்தகையதே. அமேசான் மேகக்கணினியில் ஓடிய அவ்வங்கியின் காவல் மென்பொருள் ஒன்று, தவறாக அமைக்கப்பட்டிருந்தபடியால், வெளியார் சொன்ன இடத்துக்குப் போய்க் கேட்டு வரும்படி ஏமாற்றப்பட்டது. அது போய்க் கேட்டது 169.254.169.254 என்னும், மேகக்கணினிக்குள்ளிருந்து மட்டுமே எட்டக்கூடிய முகவரியை. அங்கே கிடைத்த தற்காலிகச் சாவிகளைக் கொண்டு, அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்கள் களவாடப்பட்டன. மறு ஆண்டு அவ்வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அமேசானும் 2019 நவம்பரில், அந்த உள் முகவரியைச் சாதாரணக் கேள்வி ஒன்றால் மட்டும் திறக்க முடியாதபடி புதிய முறை ஒன்றைக் கொண்டுவந்தது. ஓவாஸ்ப் என்னும் வலைப் பாதுகாப்பு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுப் பட்டியல், வலை மென்பொருள்களின் முதல் பத்து அபாயங்களுள் ஒன்றாக இவ்வகைப் பிழையைத் தனித் தலைப்பில் சேர்த்தது. ஆகவே ஸ்கிரிப்ட் போகத்தக்க இடங்களை முன்கூட்டியே எழுதி வைத்து, அவற்றைத் தவிர வேறெங்கும் போகாமல் தடுப்பதே நியாயம். ஒதுக்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு மற்றவற்றுக்கெல்லாம் விடுவது, வழிமாற்றுக் கட்டளை ஒன்றாலேயே தோற்றுவிடும்.

சேவை என்று எதுவும் திறக்கப்படாத இடத்தில், மனிதருக்காக எழுதிய பக்கத்தையே ஸ்கிரிப்ட் வாங்கி அறுத்தெடுப்பது தனி வழக்கம். அதைப் பற்றி விரிக்க இடமில்லை. மேலே சொன்ன சோமர்வில், ஓடியன் திரையரங்குகளின் தளம் பலருடைய பிரௌசர்களில் சரிவர இயங்காதிருந்த காலத்தில், அதே விவரங்களை எளிய வடிவில் தந்த பக்கத்தை, அந்நிறுவனத்தின் ஆட்சேபத்தால் 2004-இல் எடுத்துவிட நேர்ந்தது. பொதுநலம் ஸ்கிரிப்டின் பக்கத்திலும், உரிமை தளத்தின் பக்கத்திலும் இருந்த அந்த வழக்கில் என் அனுதாபம் ஸ்கிரிப்டுக்கே. இருந்தாலும், பிறர் பக்கத்தை நம்பிக் கட்டிய எதுவும் பிறர் மனம் மாறும் நாளில் விழும் என்பதை மறுப்பதற்கில்லை.

திறந்த சேவையாக இருந்தாலும் அந்தப் பராதீனம் முற்றும் நீங்குவதில்லை. 2024 செப்டம்பர் 1-ஆம் தேதி டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டனின் கணினிகளுக்குள் அத்துமீறிய நுழைவு கண்டுபிடிக்கப்பட்டபின், பாதுகாப்பின் பொருட்டு அந்த ஸ்தாபனம் எடுத்த நடவடிக்கைகளால், வண்டிகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாதாள ரயிலின் நேரடி வருகை விவரங்கள் அதன் சொந்தச் செயலியிலும் வெளியார் செயலிகளிலும் வாரக்கணக்கில் தடைப்பட்டன. அந்நாட்களில் ஸ்கிரிப்டுகளின் தராதரம் வெளிப்பட்டிருக்கும். விவரம் இப்பொழுது கிட்டவில்லை என்று எழுதிக் காட்டுவது யோக்கியமான ஸ்கிரிப்ட்; வெறும் பக்கத்தைக் காட்டுவது அசட்டு ஸ்கிரிப்ட்; கடைசியாகக் கிடைத்ததையே புதியதுபோல் காட்டிக்கொண்டிருப்பது பொய்யான ஸ்கிரிப்ட். வாங்கி வைத்து வழங்கும் முறையை நான் இவ்வளவு ஆதரித்தாலும், அதன் பெரும் தோஷம் இந்தப் பொய் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாங்கிய நேரத்தைப் பதிலோடு சேர்த்து வைக்காதவர், நேற்று மாலை போய்விட்ட வண்டியை இன்று காலை நாலு நிமிஷத்தில் வரும் என்று அறிவிப்பார்.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. விஷயத்தின் இயல்புதான் விதி. வண்டியின் விவரம் அரை நிமிஷத்தில் பழையதாகிவிடும். கோலியர்ஸ் வுட்டை ஒட்டி ஓடி வாண்ட்ஸ்வொர்த்தில் தேம்ஸோடு கலக்கும் வாண்டில் ஆற்றை எடுத்துக்கொள்வோம். இன்று அவ்வாற்றைப் போன்ற ஆறுகளின் நீர்மட்டத்தைச் சுற்றுச்சூழல் ஏஜென்ஸி, பதிவோ சாவியோ கேளாமல், எவருக்கும் தன் திறந்த சேவை மூலம் கொடுக்கிறது. அளவுகள் கால் மணிக்கு ஒன்றாகக் குறிக்கப்படுகிறபடியால், அதைவிட அடிக்கடி கேட்கும் ஸ்கிரிப்ட் புதிதாக ஒன்றையும் அறிந்துகொள்ளாது. மாற்றமில்லை என்று மட்டும் சொல்லும் 304 என்ற நிலைக்குறி, இத்தகைய இடங்களுக்காகவே ஏற்பட்டது. அதை ஆதரிக்கும் சேவைகளிடம் ஸ்கிரிப்ட் தன்னிடமுள்ள பிரதியின் அடையாளத்தைச் சொல்லிக் கேட்டால், இரு தரப்பும் வீண் சுமையிலிருந்து தப்பும்.

கேட்கவே வேண்டாத விஷயங்களும் இருக்கின்றன. கோயில் தளங்களிலும் பஞ்சாங்கப் பக்கங்களிலும் இராகு காலத்தைக் காட்டுவதற்காக, சூரியோதயம் எப்பொழுது என்று வெளிச் சேவையைத் தினந்தோறும் விசாரிக்கும் ஸ்கிரிப்டுகள் உண்டு. காலை ஆறு மணிக்கு உதயம் என்று கொண்டு, ஒன்றரை மணி நேரமாக ஊரில் எழுதி வைத்த பட்டியல், ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்து பதினாறரை மணி நேரத்துக்கு மேல் பகலாகவே இருக்கும் லண்டனுக்குப் பொருந்தாது என்று அவர்கள் உணர்ந்தது பாராட்டத்தக்கது. அந்நாளில் இராகு காலமாகிய பகலின் எட்டிலொரு பங்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரிலோ ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறையும். ஆனால் உதயாஸ்தமனத்தை அட்சரேகை தீர்க்கரேகை கொண்டு கணிக்கும் பணிக்கூறு பிஎச்பி மொழியிலேயே இருக்கிறது. கணித்துக்கொள்ளக் கூடியதைப் பிறரிடம் போய்க் கேட்பானேன்?

இவ்வழக்கத்தை நான் குறை கூறியதெல்லாம் அது கூடாது என்று சொல்வதற்காக அன்று. டிலாய்ட் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் தன் தரவைத் திறந்து வைத்ததனால் பயணிகளுக்கும் நகரத்துக்கும் ஆண்டொன்றுக்கு 13 கோடிப் பவுன் வரை நன்மை கிட்டுகிறது. 600-க்கு மேற்பட்ட செயலிகள் அத்தரவைக் கொண்டு இயங்கின. சர்வர்கள் சர்வர்களிடம் கேட்டு வாங்காமல் இந்த நன்மையில் ஒரு பவுன்கூட விளைந்திராது. எனவே சங்கத்துக்கோ பள்ளிக்கோ கோயிலுக்கோ தளம் பராமரிக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவே: பார்வையாளர் வரும்போது ஓடும் பக்கத்திலிருந்து வெளிக் கேள்விகளை எடுத்துவிட்டு, கடிகாரத்தின்படி தானாக ஓடும் தனி ஸ்கிரிப்டுக்கு மாற்றுங்கள், அதற்கு ஐந்து விநாடிக் காலவரை வையுங்கள், வாங்கியதை வாங்கிய நேரத்தோடு சேர்த்து எழுதுங்கள், சான்றிதழ்ச் சோதனையை அணைக்கும் வரி எங்கேனும் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பார்த்து, இருந்தால் அழித்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் இந்த வேலை பிடிக்காது.